‘பாய்’ என்றால் எந்தப் பாய்?

திருப்பூரில் ஏதாவது ஒரு பனியன் கம்பெனி வாசலில் நின்று ‘பாய்’ என்று குரல் கொடுத்துப் பாருங்கள். பீகாரிலிருந்து வந்து தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர், யாரோ ‘அண்ணே’ என்று கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு திரும்புவார். எதிரே பிரியாணிக் கடை வைத்திருப்பவர் தன்னைத்தான் என்று எட்டிப் பார்ப்பார். தாளவாடியிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் கன்னடக்காரருக்கு அது வாய். பக்கத்து வீட்டு வாசலில் மிளகாய் காயப்போடும் ஆத்தாவுக்குக் கோரைப்பாய். உள்ளே ஆபீஸ் பாய் டீ வாங்கக் கிளம்பிக்கொண்டிருப்பார். மேனேஜர் ‘ஓகே, பாய்’ என்று போனை வைத்துக்கொண்டிருப்பார்.

ஒலி ஒன்றுதான். அதற்குள் ஐந்து சொற்கள் இருக்கின்றன. விரிக்கிற பாய் தமிழ். கன்னடத்துப் ‘பாயி’ நம் ‘வாய்’தான், முதலெழுத்து மட்டும் மாறியிருக்கிறது, ஏன் என்று பின்னால் பார்ப்போம். இந்திக்காரரின் பாய் சமஸ்கிருத ‘ப்ராதா’ தேய்ந்து வந்தது. பிரியாணிக் கடைக்காரரைக் கூப்பிடும் பாயும் அதே பாய். போனில் சொல்லும் பாய், ‘காட் பி வித் யீ’, அதாவது கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்ற ஆங்கில வாழ்த்து, ‘குட்பை’ என்று சுருங்கி, அதிலும் பாதி உதிர்ந்த மிச்சம். ஆபீஸ் பாய் இன்னொரு ஆங்கிலச் சொல். நடுக்கால ஆங்கிலத்தில் அது பையனைவிட வேலைக்காரனைத்தான் அதிகம் குறித்தது. அந்த வகையில் ஆபீஸ் பாய் பழைய பொருளுக்கே திரும்பிவிட்டார் என்று சொல்லலாம். நம் ‘பையன்’ அவரோடு சேர்ந்தவன் அல்ல. அவன் பயல், பைதல் என்ற தமிழ்ச் சொற்களோடு நிற்பவன்.

இப்படி ஒலி ஒத்துப்போகிற சொற்களைக் கண்டால் நம்மில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘பாருங்க, எல்லாமே தமிழிலிருந்து போனதுதானுங்க’ என்பது ஒன்று. ‘அது அவங்க பாஷை, இது நம்ம பாஷை, ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்’ என்று கையை உதறுவது இன்னொன்று. இரண்டும் அவசரம். இரண்டு சொற்கள் ஒத்து ஒலித்தால் காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்றாக இருக்கும்: ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை, ஒரு மொழி இன்னொன்றிடம் வாங்கியவை, குழந்தையின் வாயில் பிறந்தவை, இல்லையென்றால் வெறும் தற்செயல். சொல் குட்டியாக இருக்க இருக்கக் கடைசிக் காரணத்துக்கு வாய்ப்பு கூடும்.

ஏன் குட்டிச் சொல்லில் மட்டும்? நன்னூல், தமிழில் ஓரெழுத்துச் சொற்களைக் கணக்கெடுத்து 42 என்கிறது. நெடிலில் நாற்பது, குறிலில் ‘நொ’, ‘து’ என்று இரண்டு. ‘ஆ’ பசு, ‘கோ’ அரசன், ‘கா’ சோலை, ‘நா’ நாக்கு, ‘தீ’ நெருப்பு என்று பட்டியல் போகும். (நன்னூலை எழுதிய பவணந்தி முனிவரை விசயமங்கலத்துச் சமணக் கோயிலோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு கொங்கில் உண்டு. பெருந்துறை வழியாகப் போகிறவர்கள் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம்.)

அதை வைத்து ஒரு விளையாட்டுக் கணக்குப் போடுவோம். எளிதாகச் சொல்லக்கூடிய மெய்யொலிகள் இருபது, உயிரொலிகள் ஐந்து என்று வைத்துக்கொண்டால் நூறு ஓரசை ஒலிகள் கிடைக்கும். ஒன்றையொன்று கண்ணால்கூடப் பார்க்காத இரண்டு மொழிகள், அந்த நூறில் ஆளுக்கு நாற்பதை இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. சராசரியாகப் பதினாறு ஒலிகள் இரண்டிலும் இருக்கும். உலகில் இருப்பதோ சுமார் 7,000 மொழிகள். அத்தனையிலும் தேடினால், ஒலியோடு பொருளும் பொருந்துகிற ஜோடி கிடைக்காமல் போனால்தான் ஆச்சரியம். ‘ஊத்துக்குளி’ மாதிரி ஒரு நீளச் சொல்லுக்கு இந்த விபத்து லேசில் நேராது.

‘மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது மாமரம். அரைத்த மாவு. பெரியது. சங்கப் பாடல்களில் விலங்கு, பல இடங்களில் குதிரை. பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கு. இந்தியில் கொஞ்சம் மூக்கால் சொன்னால் அம்மா. சீன மொழியில் ‘மா’வைக் குரல் ஏறாமல் இறங்காமல் இழுத்தால் அம்மா, குரலை ஏற்றினால் நார் எடுக்கும் ஒரு செடி, இறக்கி ஏற்றினால் குதிரை, சட்டென்று இறக்கினால் திட்டுவது. சங்கத் தமிழிலும் மா குதிரை, சீனத்திலும் மா குதிரை! இதைப் பார்த்ததும் சிலருக்குக் கை பரபரக்கும். ஆனால் சீனச் சொல்லின் பழைய வடிவத்தைத் தேடிப் போனவர்கள், அதில் மகரத்தோடு ஒரு ரகரமும் இருந்ததாகக் காட்டுகிறார்கள். பின்னால் போகப் போக இரண்டு சொல்லும் விலகுகின்றன. உறவு என்றால் பின்னால் போகப் போக நெருங்க வேண்டும்.

இந்த ஒரு சோதனை மிகவும் பயன்படும். இன்றைய ஒலியை வைத்து ஒப்பிடாமல், இரண்டையும் முடிந்தவரை பழைய வடிவத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். மொழியியல் வகுப்புகளில் இதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. குயின்ஸ்லாந்துப் பகுதியில் ம்பபரம் என்று ஒரு பழங்குடி மொழி இருந்தது. ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் என்ற மொழியியலாளர் அதன் கடைசிப் பேச்சாளர்களில் ஒருவரிடம் நாய்க்கு என்ன சொல் என்று கேட்டார். கிடைத்த பதில் அச்சாக ஆங்கில ‘டாக்’. வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்த வட்டாரத்து மொழிகளில் நாய்க்கு ‘குடக’, ‘குட’ என்ற சொற்கள் இருக்கின்றன. ‘குடக’வின் முன்பகுதி உதிர்ந்து, மிஞ்சியது தேய்ந்துதான் இது வந்தது. ஆங்கிலச் சொல்லோடு எந்த ஒட்டும் இல்லை, பொருள் உட்பட எல்லாம் பொருந்தியிருந்தும்கூட.

பாரசீகத்திலும் இதே கதை ஒன்று உண்டு. ‘பத்மாஷ்’ என்று இந்திப் படத்து வில்லனைத் திட்டுவார்களே, அதன் தலையில் நிற்கும் பாரசீகப் ‘பத்’ கெட்டது என்று பொருள்படும். ஆங்கில ‘பேட்’டும் கெட்டது. இரண்டையும் அந்தந்த மொழியில் சொல்லிக் கேட்டால் இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனாலும் தொடர்பு இல்லை.

சரி, நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் ஒன்றுக்கு வருவோம். ‘ஒன்று’ போய் ‘ஒன்’ ஆனது, ‘எட்டு’ போய் ‘எயிட்’ ஆனது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஒன்றை எழுதும்போது முதலெழுத்து ஓ. சொல்லும்போது மட்டும் ‘வன்’ என்று வகரம் வருகிறது. அந்த வகரம் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. ஜெர்மனில் ‘ஐன்’, லத்தீனில் ‘ஊனுஸ்’. தமிழ்ப் பக்கம் பார்த்தால் மலையாள ‘ஒன்னு’, கன்னட ‘ஒந்து’ ஒருபுறம். ஒரு, ஓர், ஒருவன், ஒருமை என்று ரகரத்தோடு நிற்கும் கூட்டம் மறுபுறம். ஆங்கிலப் பக்கத்தில் அந்த ரகரத்தின் சுவடே இல்லை.

எட்டு இன்னும் சுவையானது. ‘எயிட்’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டலில் நடுவே ஜி, எச் என்று இரண்டு எழுத்துகள் சும்மா நிற்கும். பள்ளிக்கூடத்தில் அதற்காக எத்தனை பேர் மார்க் இழந்திருப்போம். அவை சும்மா வந்தவை அல்ல. ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து வரும் ஒரு ஹகரத்தை அங்கே உச்சரித்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘அஹ்ட்’ என்கிறார்கள். லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. ஆக அந்தக் குடும்பத்தில் டகரத்துக்கு முன்னால் நின்றது ஒரு ககரம். நம் எட்டில் டகரத்துக்கு முன்னால் ஒளிந்திருப்பது ணகரம். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லும்போது அது வெளியே வந்துவிடும். கன்னடத்தில் ஒளியாமல் ‘எண்ட்டு’ என்றே இருக்கிறது; தெலுங்கில் ‘எனிமிதி’. உரித்தால் ஒன்றில் ககரம், ஒன்றில் ணகரம். தேய்ந்து தேய்ந்து இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒன்றும் எட்டும் போனதென்றால் இரண்டும் மூன்றும் ஐந்தும் எங்கே போயின? ‘டூ’, ‘த்ரீ’, ‘ஃபைவ்’ எதிலும் இரண்டு, மூன்று, ஐந்து தெரியவில்லையே. இதே ஆங்கில எண்களைச் சமஸ்கிருதத்தோடு வைத்துப் பாருங்கள்: த்ரீ – த்ரி, செவன் – சப்த, நைன் – நவ, டூ – த்வி. வரிசையாகப் பொருந்தும். உறவில் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. வரிசையாக வர வேண்டும்.

ஒத்து ஒலிக்காத சொந்தங்கள்

இனிமேல்தான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உண்மையான சொந்தங்கள் பல நேரம் ஒத்து ஒலிப்பதே இல்லை.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடிக்குப் போனால், ஈரோடு மாவட்டத்தை விட்டு இறங்காமலேயே கன்னடத்துக்குள் வந்துவிடலாம். அங்கே காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். நம் பால் அங்கே ‘ஹாலு’. பல் ‘ஹல்லு’. பத்து ‘ஹத்து’. புலி ‘ஹுலி’. பூ ‘ஹூவு’. சுவரில் ஓடும் பல்லி ‘ஹல்லி’. நாம் பகரத்தில் தொடங்குகிற இடத்தில் அவர்கள் ஹகரத்தில் தொடங்குகிறார்கள். பழைய கன்னடத்திலும் பகரம்தான் இருந்தது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, சொல்லின் முதலில் வந்த பகரம் கொஞ்சம் கொஞ்சமாக ஹகரம் ஆனது. ஒரு சொல்லில் மட்டும் நடந்திருந்தால் தற்செயல் எனலாம். இது சொல்லுக்குச் சொல் நடந்திருக்கிறது. இந்த ஒழுங்குதான் உறவுக்குச் சாட்சி.

கன்னடத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. முதலில் நின்ற வகரம் உதடு அழுந்துகிற பகரமானது, ஆங்கில ‘பி’ எழுத்தின் ஒலி போல. வா ‘பா’ ஆயிற்று. வாழை ‘பாளெ’, வில் ‘பில்லு’, வாய் ‘பாயி’. முதலில் பார்த்த பனியன் கம்பெனிப் பாய்களில் ஒன்று இப்படி வந்ததுதான். இந்த இரண்டு மாற்றமும் சேர்ந்து ஒரு வேடிக்கையைச் செய்கின்றன. தாளவாடியில் ஒருவர் ‘பேரு’ என்றால் நம் காதில் பெயர் என்று விழும். அவர் சொல்வது வேர். பெயருக்கு அவர் சொல் ‘ஹெசரு’. ஒத்து ஒலிக்கிற பேருவும் பேருவும் வேறு வேறு. ஒலியே மாறிப்போன பெயரும் ஹெசருவும் சொந்தம்.

இதை ஊர்ப்பலகையிலேயே படிக்கலாம். தர்மபுரி மாவட்டத்தில் நல்லம்பள்ளி இருக்கிறது, மாரண்டஅள்ளியும் இருக்கிறது. ‘பள்ளி’ என்றால் ஊர், குடியிருப்பு. அது கன்னடத்தில் ‘ஹள்ளி’ ஆகி, தமிழ் வாயில் ஹகரம் தேய்ந்து ‘அள்ளி’யாக நிற்கிறது. யாரும் அங்கே எதையும் அள்ளவில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருப்பது ‘பட்டி’. கொங்கில் ஆடுமாடு அடைக்கிற இடம் பட்டி. மாட்டுப்பொங்கலன்று தோட்டத்தில் வைப்பது பட்டிப்பொங்கல். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி ஏறினால் படகர்கள் தங்கள் ஊர்களை ‘ஹட்டி’ என்பார்கள். கன்னடத்திலும் ஹட்டி உண்டு; மாட்டுத் தொழுவம், சிற்றூர் என்று இரண்டும் அதற்குப் பொருள். நம் பட்டிதான் அது. இப்போது மலை ஏறாமல், மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போங்கள். அங்கேயும் ‘பட்டி’ என்பார்கள், நாம் சொல்வது போலவே. பொருள் நாய். ‘நம்ம தோட்டத்துல பெரிய பட்டி இருக்குதுங்க’ என்று ஒரு காங்கேயத்துக்காரர் பெருமையாகச் சொன்னால், பாலக்காட்டுக்காரர் வாசலிலேயே தயங்கி நிற்பார்.

பாலக்காட்டுப் பக்கம் இன்னொன்று: ‘வெள்ளம்’. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று ‘கொறச்சு வெள்ளம்’ கேட்டவருக்குப் பொள்ளாச்சிக் கடையில் வெல்லக்கட்டி எடுத்துக் கொடுத்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். வெள்ளமும் வெல்லமும் வேறு வேறு சொல். அதில் சிக்கல் இல்லை. ஆனால் மலையாள வெள்ளமும் தமிழ் வெள்ளமும் ஒரே சொல். நாம் பெருக்கெடுத்து ஓடுவதற்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் டம்ளரில் இருப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள். ஒலி மாறாமல் பொருள் மட்டும் நகர்வதும் சொந்தத்துக்குள் நடப்பதுதான். ‘குட்டி’யும் அப்படியே: நமக்கு ஆட்டுக்குட்டி, அவர்களுக்குப் பெற்ற குழந்தை.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை ஒரே குடும்பம் என்பதை இந்த வகை ஒப்பீட்டால் 1816-இல் எழுதிக் காட்டியவர், சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ். 1856-இல் கால்டுவெல் அதை விரித்து ஒரு பெரிய ஒப்பிலக்கணமாகவே எழுதினார். இந்தக் குடும்பத்தின் ஒரு கிளை பலுசிஸ்தான் வரை போயிருக்கிறது. அங்கே பேசப்படும் பிராகுயி மொழியில் ‘நீ’ என்றால் நீதான். சீன மொழியிலும் ‘நீ’ என்றால் நீதான்! இரண்டில் எது சொந்தம், எது தற்செயல்? பிராகுயியில் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு ‘அசிட்’, ‘இராட்’, ‘முசிட்’ என்பார்கள். நாலிலிருந்து ‘சார்’ என்று வெளி எண்களுக்குப் போய்விடுகிறார்கள், ஆனாலும் அந்த முதல் மூன்றும், இலக்கணத்தின் பல கூறுகளும் நம் மொழிகளோடு ஒழுங்காகப் பொருந்துகின்றன. சீனத்தில் ‘நீ’யைத் தாண்டி அடுத்த அடி வைக்க இடமில்லை.

இந்தப் பகர ஹகர மாற்றம் திராவிட மொழிகளின் தனிச்சொத்தும் அல்ல. ஜப்பானிய மொழியில் அம்மாவுக்கு ‘ஹஹ’ என்று ஒரு சொல் உண்டு. அதன் பழைய வடிவம் ‘பப’. அங்கேயும் பகரம் தேய்ந்து ஹகரமானது. கன்னடத்தைப் பார்த்துச் செய்ததல்ல. உதட்டை முழுக்க மூடாமல் சோம்பலாகச் சொன்னால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பத்து மொழிகளிலும் இப்படி ஒத்து ஒலிக்காத சொந்தங்கள் ஏராளம். கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் கடையில் நின்றால், ‘சைக்கிள் சக்கரம் கோணலா ஓடுது, வீலைக் கழட்டிப் பெண்டு எடுக்கணும்’ என்று ஒரே மூச்சில் சொல்வதைக் கேட்கலாம். அந்த ஒரு வாக்கியத்தில் வரும் சைக்கிள், சக்கரம், வீல் மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘சக்ர’ சமஸ்கிருதம் வழியாக. ‘சைக்கிள்’ கிரேக்கச் சொல்லான ‘குக்லோஸ்’ வழியாக. ‘வீல்’ பழைய ஆங்கிலம் வழியாக. கதர் நூற்கும் ‘சர்க்கா’ பாரசீகம் வழியாக வந்த நாலாவது. சக்கரத்தையும் வீலையும் காதால் கேட்டு யாராவது உறவென்று சொல்வார்களா? மெய்கள் எப்படி மாறின என்ற விதிகளைப் பிடித்துக்கொண்டு போனால் மட்டுமே தெரியும். அதே வழியில்தான் ப்ராதாவும் பிரதரும் ஒன்று. இந்தப் ப்ராதாவை இந்தியாவிலிருந்து புறப்பட்டு ஐரோப்பா போன ரோமா மக்கள் ‘பல்’ என்று தேய்த்து வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போய் நண்பனைக் குறிக்கும் ‘பேல்’ ஆனது. ஆக ஆங்கிலத்தில் பிரதரும் பேலும் இருக்கின்றன, ஒரே சொல் இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. இந்திப் பாயும் அதே கூட்டம்.

வாங்கியதும் கொடுத்ததும்

கடன் சொல்லைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. ஆள் வந்த வழியோ சரக்கு போன வழியோ தெரிந்திருக்கும்.

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் நடக்கிறது. அந்த ‘ஏலம்’ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் சொல் ‘லெய்லாவ்’ என்பது போல ஒலிக்கும். அதை அவர்கள் அறிவிப்பு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து எடுத்திருந்தார்கள். இந்தியில் அதுவே ‘நீலாம்’ ஆனது. பாயசத்தில் போடும் ஏலம் வேறு. போர்த்துகீசியர் கப்பல் 1498-இல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இங்கே மணந்துகொண்டிருந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வீட்டைப் பூட்டி வைக்கத் தேவையான சொற்களாகவே பார்த்து வாங்கியிருக்கிறோம் போல.

நாம் கொடுத்தது பொள்ளாச்சிச் சாலையோரத்தில் தெரியும். தென்னை நார் ஆலைகளின் பலகைகளில் ‘காயர்’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலம் அதை மலையாளக் ‘கயர்’ என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது, அது நம் கயிறுதான். மாங்காய் ‘மேங்கோ’ ஆனதும் போர்த்துகீசிய ‘மங்கா’ வழியாக. சரக்கு போன கப்பலில் சொல்லும் போயிருக்கிறது.

ஆனால் இப்படிப் போனது ஒரு பத்துச் சொல் தெரிந்ததும், ஒலிக்கிற எல்லாமே போனதுதான் என்று நினைக்கத் தோன்றும். வழியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். யார் கொண்டுபோனார்கள், எப்போது, நடுவில் எந்த மொழி? கயிற்றுக்குப் பதில் இருக்கிறது. சீனக் குதிரைக்கு இல்லை.

அம்மா, அப்பா விஷயம்

கொரிய நாடகம் பார்க்கிற பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அங்கேயும் ‘அம்மா’ போல ‘ஒம்மா’, அப்பாவுக்கு அச்சாக ‘அப்பா’. இது உறவும் அல்ல, கடனும் அல்ல. முழுத் தற்செயலும் அல்ல. உதட்டை மூடித் திறந்தால் வரும் ‘ம’, ‘ப’ இரண்டும் குழந்தைக்கு முதலில் கைவரும் ஒலிகள். குழந்தை ‘ம்மா’ என்றதும் பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் தங்களைத்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இதை விளக்கி எழுதியிருக்கிறார். யார் அதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, அம்மாவுக்கு ‘தேதா’. நமக்கு மாமா யாரென்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பானிய மொழியில் ‘பப்பா’வின் கடைசியை அழுத்திச் சொன்னால் அப்பா, முதலை அழுத்தினால் போப்பாண்டவர், இன்னும் தென் அமெரிக்கக் கெச்சுவா மொழியிலிருந்து வந்த உருளைக்கிழங்கும் அதுதான்.

கொங்கிலேயே பாருங்கள். அப்பாரு அப்பாவின் அப்பா, அப்புச்சி அம்மாவின் அப்பா. பப்பும் மம்மும் கொஞ்சம் மாற்றிப் போட்டு ஒரு குடும்பத்துக்கே பெயர் வைத்தாகிவிட்டது. அதனால்தான் மொழி உறவைத் தேடுகிறவர்கள் இந்தச் சொற்களை முதலிலேயே ஓரம் கட்டிவிடுவார்கள். காக்கா, குயில் போலச் சத்தத்தைப் பார்த்து வைத்த பெயர்களையும் அப்படித்தான்.

ஓரம் கட்ட வேண்டிய இன்னொன்று நம் எழுத்தால் வரும் மயக்கம். தமிழில் ஒரே ‘ப’தான், இந்தியில் அந்த இடத்தில் நாலு எழுத்து. அதனால் ‘பல்’ என்று நாம் எழுதினால், இந்தியில் அது கணமாகவும் இருக்கலாம், பழமாகவும் இருக்கலாம், வலிமையாகவும் இருக்கலாம். அவர்கள் வாயில் மூன்றும் வேறு வேறு ஒலி. சலூனுக்கு வந்த வடக்கத்தி இளைஞர் ‘பால்’ என்று ஆரம்பித்தால் டீக்கடைக்கு வழி காட்டிவிடாதீர்கள், அவர் முடியைச் சொல்கிறார். ‘கரம் மசாலா’வில் இருக்கும் ‘கரம்’ காரமும் அல்ல, கையும் அல்ல, சூடு. இங்கே வந்து ‘தோ சால்’ ஆயிற்று என்றால் இரண்டு வருஷம். அந்தச் சால் பாரசீகம். உழவுச் சாலும், கிணற்றில் தண்ணீர் மொண்ட சாலும் நம்முடையவை.

சந்தேகம் வந்தால் தேட இரண்டு நல்ல இடங்கள் இருக்கின்றன. ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. இன்னொன்று, பர்ரோவும் எமனோவும் சேர்த்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. முதல் பதிப்பு 1961, திருத்திய பதிப்பு 1984. எமனோ 1930களில் நம் நீலகிரியில் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தவர், அதனால் மலைமேல் சொற்களும் அதில் நிறைய உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இரண்டையும் காசில்லாமல் தேடலாம். பேரகராதியில் ஒரே ஒலியுள்ள வேறு வேறு சொற்களுக்குத் தலையில் சின்ன எண் போட்டுத் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். ‘மா’வில் தொடங்குங்கள். அப்புறம் ‘கவலை’: நம் தாத்தன்மார் மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்ததும் கவலை, மழை வரவில்லை என்றால் மனதில் இருந்ததும் கவலை.